ஆக்சிடென்டுக்கு அப்புறம் உடம்பு தேறிடுச்சு, மனசு எதுலயும் ஒட்டலையா? சின்னதா ஒரு கேள்வில இருந்து ஆரம்பிங்க

ஆக்சிடென்ட் ஆகி வீட்டுக்கு வந்தவங்கள பாக்க வர்றவங்க எல்லாரும் ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து உக்காந்து கடைசில ஒரே வார்த்தையத்தான் சொல்லிட்டு போவாங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுனு நெனச்சுக்கோ. உண்மைதான், அன்பாத்தான் சொல்றாங்க. தையல் பிரிச்சாச்சா, ராடு வச்சாங்களா ப்ளேட் வச்சாங்களா, இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்னாச்சு, எல்லாம் கேப்பாங்க. சாப்பாட்டுல ருசி தெரியுதா, பிடிச்ச பாட்டு இப்பவும் பிடிக்குதா, தெருவுல பிரேக் சத்தம் கேட்டா நெஞ்சு என்ன பண்ணுதுனு மட்டும் யாரும் கேக்கறதில்ல, நமக்கும் சொல்லத் தெரியறதில்ல.

2022ல மட்டும் இந்தியால 4,61,312 சாலை விபத்து பதிவாகி இருக்கு, 4,43,366 பேருக்கு காயம், விபத்து எண்ணிக்கைல தமிழ்நாடுதான் முதல் இடம். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சைய அரசாங்கம் பாத்துக்குது, ரொம்ப நல்ல திட்டம். அந்த 48 மணி நேரம் முடிஞ்சு, டிஸ்சார்ஜும் ஆகி, ஃபேன பாத்துட்டு படுத்திருக்கற மாசங்கள் இருக்கே, அதப் பத்திதான் எழுதறேன். நானும் பைக்ல இருந்து தூக்கி வீசப்பட்டு கால்ல ராடோட கிடந்த ஆளுதான். விபத்து இல்லாம வேற அதிர்ச்சில இருந்து மீண்டு வர்றவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும், எது பொருந்துதோ எடுத்துக்கோங்க.

முதல்ல ஏன் எதுவுமே பிடிக்க மாட்டேங்குதுனு புரிஞ்சுக்கணும், இல்லனா நம்மள நாமே சோம்பேறி, நன்றி கெட்டவன்னு திட்டிக்கிட்டே இருப்போம். தெருவுல ஒரு வீட்ல திருடு போன மறுநாள் ராத்திரி எப்படி இருக்கும், எலி ஓடினாக்கூட எந்திரிச்சு லைட்ட போடுவோம்ல, மூளை அந்த நெலமைலயே நின்னுடுது. அமிக்டாலானு ஒரு பகுதி, ஆபத்த கண்டுபிடிச்சு சொல்றது அதோட வேலை, அது ஓயாம எது வருதுனு பாத்துக்கிட்டே இருக்கும்போது மல்லிகைப்பூ வாசனைக்கும் மருமகன் அடிக்கற ஜோக்குக்கும் அங்க எடம் கெடையாது. முதல் சில வாரம் இது நெறைய பேருக்கு இருக்கும், பலருக்கு தானாவே கொறைஞ்சுடும். ஒரு மாசம் தாண்டியும் அதே காட்சி திரும்பத் திரும்ப வருது, ரோடு பக்கமே போக முடியல, திடுக் திடுக்குங்குது, மனசு மரத்துப் போன மாதிரி இருக்குனா அதுக்கு பிடிஎஸ்டினு, அதாவது அதிர்ச்சிக்கு அப்புறமும் விடாம தொடர்ற மன பாதிப்புனு, பேரு வைக்கற கட்டம் வரலாம். 1980ல இருந்தே அது மருத்துவ கையேட்டுல இருக்கற நோய், போருக்கு போன சிப்பாய்க்கு மட்டும் வர்றதில்ல, பால் வாங்கப் போன எடத்துல அடிபட்டவங்களுக்கும் வரும்.

இந்த நெலமைல இருக்கற ஒருத்தர்கிட்ட சந்தோஷமா இரு, பாசிட்டிவா யோசினு சொன்னா அவரால முடியாது. சந்தோஷம் கூப்பிட்டா வர்றதில்ல. ஆனா அது என்ன, ஏன் இப்படி இருக்கு, அடுத்து என்ன ஆகும்னு ஒரு சின்ன கேள்வி கேக்க முடியும், மனசு மரத்துப் போயிருந்தாலும் கேக்க முடியும், ஏன்னா கேள்வி கேக்கறதுக்கு எதுவும் பிடிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. 2014ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க, ஆளுங்கள ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு க்விஸ் கேள்வி காட்டி கொஞ்ச நேரம் பதிலுக்கு காத்திருக்க விட்டாங்க. பதில் என்னவா இருக்கும்னு ஆர்வம் அதிகமா இருந்த நேரத்துல டோபமைன்னு உந்துதல் குடுக்கற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட பகுதிங்க சுறுசுறுப்பா இருந்துச்சு, நடுவுல சும்மா காட்டுன சம்பந்தமே இல்லாத முகங்களக்கூட அந்த நேரத்துல நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க. பதில் கெடைக்கறதுக்கு முன்னாடியே, காத்திருக்கறப்பவே உள்ள ஏதோ அசையுதுங்கறதுதான் எனக்கு இதுல முக்கியமா படுது.

எந்த மாதிரி கேள்வி?

படுத்த எடத்துல இருந்து, இல்லனா ஜன்னலோரம் வரைக்கும் போய், பதில் பாக்கக் கூடியதா இருக்கணும். நாளைக்கு மறுபடி பாத்தா கொஞ்சம் மாறி இருக்கணும். பாக்க முடியாமப் போனாலும் யாருக்கும் நஷ்டம் இருக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம், ஆஸ்பத்திரில அத்தன நாள் யார் யாரோ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டி ஊசி போட்டுக்கிட்ட உடம்பு இது, இந்த ஒண்ணாவது நம்ம இஷ்டத்துக்கு ஆரம்பிச்சு நம்ம இஷ்டத்துக்கு விடறதா இருக்கட்டும்.

குயில் சத்தம் கேட்டிருப்பீங்க, கூவுறது எதுனு பாத்திருக்கீங்களா? கூவுறது ஆண் குயில்தான், கருகருனு செவந்த கண்ணோட இருக்கும், பொண்ணு பழுப்பு நெறத்துல வெள்ளப் புள்ளியோட வேற பறவை மாதிரி இருக்கும், அதோட சத்தமும் வேற. கோடைல காக்கா கூட்டுப் பக்கமா உத்துப் பாத்தா காக்கா குயில தொரத்தறது தெரியும், பொண்ணு குயிலு காக்கா கூட்டுலதான் முட்ட போட வரும். அந்த காக்கா கூட்டுல குச்சியோட கம்பித் துண்டும் இருக்கும் பாருங்க, எங்கேருந்துதான் எடுத்துட்டு வருதோ. பறவை பேரு தெரியலனா மெர்லின்னு ஒரு இலவச ஆப் இருக்கு, சத்தத்த வச்சே பேரு சொல்லும். இதுல ஆர்வம் புடிச்சிட்டா ஜனவரில பொங்கல் சமயத்துல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், வீட்டு மாடில நின்னு கால் மணி நேரம் பாத்து எழுதி இபேர்ட்னு பறவைக் கணக்கு பதியற வெப்சைட்ல ஏத்தினாலே போதும், யாரோடயும் பேச வேண்டாம், எங்கயும் போக வேண்டாம், ஆனா ஊரே சேந்து பண்ற ஒரு வேலைல நீங்களும் இருப்பீங்க.

பறவை வேண்டாமா, கிச்சன்ல இருந்து எடுங்க. சங்குப்பூவ வெந்நீர்ல போட்டா நீலமாகும், அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கண்ணு முன்னாடியே ஊதாவாகும். மஞ்சத்தூள் தண்ணில சுண்ணாம்பு சேத்தா செவப்பு, நம்ம ஆரத்தி கரைக்கறது அதுதான், சட்டைல சாம்பார் கறைக்கு சோப்பு போட்டா செவந்து பயமுறுத்துதே, அதுவும் அதேதான். வீட்ல இருக்கற வேற எதெதுக்கெல்லாம் இந்த ரெண்டும் நெறம் மாறுதுனு ஒரு ஆளு ஒரு வாரம் பாக்கலாம். செடினா வெந்தயம், ராத்திரி ஊற வச்சு ஈரத்துணில போட்டா ஓரிரு நாள்ல மொளை விடும். ரோஜா வேண்டாம், அது நம்மள காக்க வைக்கும், நோய் வரும், செத்துப் போச்சுனா இப்ப இருக்கற மனசுக்கு அது தாங்காது. அந்திமந்தாரை கெடைச்சா ஒரு தொட்டில வைங்க, சாயங்காலம் நாலு மணி வாக்குல விரியும், வெயில் நாள்லயும் மேகமூட்டத்துலயும் அதே நேரம்தானானு பாருங்க.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். பதில ஒரு வரி எழுதி வைங்க, பழைய டைரி, காலண்டர் பின்பக்கம், எதுல வேணா. அழகா எழுத வேண்டாம். பிடிச்சுதா பிடிக்கலையானு மார்க் போட வேண்டாம், பாத்தீங்களா இல்லையா அவ்வளவுதான்.

இன்னொரு ஆர்வம் இருக்கு, அது கிட்ட ஜாக்கிரதை

விபத்துல மாட்டுனவங்க நெறைய பேரு வெளிய சொல்லாம பண்ற ஒரு காரியம் இருக்கு, ராத்திரி உக்காந்து சிசிடிவி ஆக்சிடென்ட் வீடியோவா பாக்கறது. தன்னோட விபத்து போட்டோவ திரும்பத் திரும்ப பெருசு பண்ணி பாக்கறது, அந்த லாரி எந்த ஸ்பீட்ல வந்துச்சு, நான் ரெண்டு செகண்ட் லேட்டா கெளம்பிருந்தானு கணக்கு போடறது. இதுவும் தெரிஞ்சுக்கணும்ங்கற துடிப்புதான், அதனால பண்றவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், மூளை நடந்தத புரிஞ்சுக்கப் பாக்குது. ஆனா இந்த ஆர்வத்துக்கு பதிலே கெடையாது, ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உடம்ப கேளுங்க. பாத்து முடிச்சதும் தாடை இறுகி இருக்கா, தோள் காதுகிட்ட ஏறி நிக்குதா, மூச்ச பிடிச்சு வச்சிருக்கமா, அப்ப அத மூடி வைக்கணும். பாத்து முடிச்சதும் தோள் கொஞ்சம் எறங்கி இருந்தா அது நமக்கு நல்லது பண்ற ஆர்வம். ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல விபத்து வீடியோ அனுப்பற சித்தப்பா ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பாரு, க்ரூப்ப ம்யூட் பண்றதுல எந்த மரியாதைக் குறைவும் இல்ல, ஆட்டோ டவுன்லோடயும் ஆஃப் பண்ணிடுங்க.

சிலருக்கு கேஸ் நடக்கறதால அந்த போட்டோவ பாத்துத்தான் ஆகணும். அப்ப பகல்ல, பக்கத்துல ஒருத்தர வச்சுக்கிட்டு, வக்கீல் கேட்டத மட்டும் எடுத்துக் குடுத்துட்டு, மிச்சத்த வேற ஒருத்தர் போன்ல வச்சிருக்கச் சொல்லுங்க.

கையும் கண்ணும் சேந்து வேலை செய்யட்டும்

இங்க ஒரு ஆய்வ சொல்லியே ஆகணும், ஏன்னா அது நம்மள மாதிரி ரோட்டுல அடிபட்டவங்கள வச்சே பண்ணது. ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் ராட்க்ளிஃப் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில வந்த 71 பேரு, விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள்ள, நடந்தத லேசா ஞாபகப்படுத்திட்டு ஒரு பகுதி பேர டெட்ரிஸ்னு மேலருந்து விழற கட்டங்கள திருப்பி அடுக்கற கேம் ஆட வச்சாங்க. அடுத்த ஒரு வாரத்துல அந்த காட்சி மனசுல குபீர்னு வந்து நிக்கற தடவை, ஆடாதவங்கள விட ஆடுனவங்களுக்கு பாதிக்கும் மேல கொறைவு. கண்ணுல உருவம் புடிச்சு வைக்கற வேலைய கேம் எடுத்துக்கிட்டதால விபத்துக் காட்சி அந்த அளவுக்கு ஆழமா பதியலைங்கறது அவங்க விளக்கம். அது ஆஸ்பத்திரில ஒரு முறைப்படி பண்ணது, மாசக்கணக்கா ஆனப்புறம் வீட்ல கேம் ஆடறது அதே வைத்தியம் ஆகிடாது. ஆனா கண்ணும் கையும் சேந்து ஒரு வடிவத்துல மூழ்கி இருக்கற அரை மணி நேரம் நிம்மதியா இருக்குங்கறது க்ரோஷா பின்றவங்களுக்கும் ரூபிக்ஸ் க்யூப் சுத்தறவங்களுக்கும் தெரியும்.

என்னோட சாய்ஸ் சிக்குக் கோலம். கால மடக்க முடியாதவங்க வாசல்ல போட வேண்டாம், கட்டம் போட்ட நோட்டு போதும். வரிசைக்கு 4 புள்ளியா 3 வரிசை வைங்க. கோடு சாய்வா போயி பக்கத்து பக்கத்து புள்ளிங்களுக்கு நடுவுல குறுக்க வெட்டி ஓரத்துல வளைஞ்சு திரும்பணும், எந்த எடத்தையும் விடாம. கைய எடுக்காமலே ஒரே இழையில மொத்தமும் முடிஞ்சிடும். இப்ப 3 வரிசைக்கு 3 புள்ளி வச்சு போடுங்க, ஒரே இழையில முடியாது, மூணு தனித்தனி இழை வரும். 2க்கு 4 வச்சா ரெண்டு. 4க்கு 6 வச்சா எத்தன, 5க்கு 6 வச்சா எத்தன, ஏன் அப்படி? பதில நான் சொல்ல மாட்டேன், நோட்டுல போட்டுப் பாருங்க, பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு கணக்கு உள்ள ஒளிஞ்சிருக்கு. கொழந்தைங்க இருக்கற வீடுனா அவங்களயும் சேத்துக்கோங்க, அடிபட்ட பெரியப்பாவ எப்படி பாக்கறதுனு தெரியாம தள்ளி தள்ளி நிக்கற புள்ளைங்க இதுக்கு வந்து பக்கத்துல உக்காரும்.

அடிபட்ட உடம்ப வேற கண்ணால பாக்கறது

இது எல்லாருக்கும் முடியாது, முடியாதவங்க தாண்டிப் போங்க. தழும்ப பாக்கவே பிடிக்காது, பிசியோதெரபிஸ்ட் வந்தா பயம். ஒரு நல்ல பிசியோகிட்ட கேளுங்க, முட்டி இன்னைக்கு எத்தன டிகிரி மடங்குதுனு அளந்து சொல்லுவாரு, நாற்காலில ஒழுங்கா உக்கார சுமாரா 90 வேணும். டிகிரிய நோட்டுல எழுத ஆரம்பிச்சா வலிக்கு நடுவுல நாளைக்கு என்ன வரும்னு ஒரு எதிர்பார்ப்பு வரும். எக்ஸ்ரே எடுக்கும்போது டாக்டர்கிட்ட புது எலும்பு எங்க வளந்திருக்குனு காட்டச் சொல்லுங்க, முறிஞ்ச எடத்த சுத்தி மேகம் மாதிரி வெளுப்பா தெரியும், அத கேலஸ்னு சொல்லுவாங்க, நாம அழுதுட்டு படுத்திருந்தப்பவும் உடம்பு அத கட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அத பாத்தப்ப என் கால் மேல இருந்த கோவம் பாதி போயிடுச்சு.

ராத்திரி

பகல எப்படியோ ஓட்டிடலாம், ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வந்தா என்ன பண்றது? போன எடுக்காதீங்க. காது குடுத்து ஒரு கேள்வி வைங்க, நம்ம தெரு எந்த சத்தத்துல முழிக்குது? பால் வண்டியா, பேப்பர் போடற சைக்கிளா, பாங்கு சொல்றதா, கோயில் ஸ்பீக்கரா, பக்கத்து வீட்டு மோட்டாரா, எது முதல்ல, தெனமும் அதே வரிசையா? வண்டிச் சத்தமே ஆகாதுனா இத விட்டுட்டு வானத்துக்கு போங்க.

நம்ம எல்லாருக்கும் நம்ம ஜென்ம நட்சத்திரம் பேரு தெரியும், அர்ச்சனைக்கு சொல்லுவோம், ஆனா அது வானத்துல எங்க இருக்குனு எத்தன பேரு பாத்திருக்கோம்? கார்த்திகை சின்னச் சின்ன நட்சத்திரமா ஒரு கொத்து, டிசம்பர் ஜனவரி ராத்திரில நல்லா தெரியும், பக்கத்துலயே செம்மஞ்சளா ரோகிணி, கொஞ்சம் தள்ளி செவப்பா திருவாதிரை. ஜூன் ஜூலைல தெக்கால பாத்தா செவப்பா கேட்டை. சித்திரை கோடை காலத்துல ராத்திரி வெள்ளையா பளிச்சுனு இருக்கும். போன்ல ஸ்டெல்லாரியம் ஆப் போட்டு பகல்லயே எந்தப் பக்கம், எத்தன மணிக்குனு பாத்து வச்சுக்கோங்க. வீட்ல ஒவ்வொருத்தரோட நட்சத்திரத்தையும் தேடிப் பிடிக்க ஒரு வருஷம் ஆகும், அவசரமே இல்ல.

சின்ன சந்தோஷம் வரும்போது கூடவே வர்ற குத்த உணர்ச்சி

கேள்வி கேட்டு கேட்டு ஒரு நாள் எதிர்பாக்காம ஒண்ணு நல்லா இருக்கும். டிகாஷன் வாசனை மூக்குல ஏறும், மரிக்கொழுந்த கசக்கி மோந்தா பழைய ஏதோ வரும். வாசனைய பெருசா நெனைங்க, மத்த புலன விட மூக்குக்கு அமிக்டாலா கிட்ட நேரான வழி உண்டு, பெட்ரோல் வாசனையும் டெட்டாலும் நம்மள எப்படி தூக்கிப் போடுதோ, அதே வழில நல்லதும் உள்ள போகும். தலைல அடிபட்டு எந்த வாசனையுமே தெரியலனா மட்டும் மனசு சரியில்லனு விட்றாதீங்க, மூக்கு நரம்புல அடிபட்டிருக்கலாம், நியூராலஜிஸ்ட்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கூட வந்தவங்க அதே விபத்துல இறந்துட்டாங்கனா அந்த ஒரு வாய் காப்பி நல்லா இருந்ததுக்கே மனசு உறுத்தும். அவன் இல்ல, நான் ருசிச்சு குடிக்கறேன். இதுக்கு நான் எந்த சமாதானமும் சொல்லப் போறதில்ல, சொன்னாலும் ஒட்டாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், சந்தோஷத்த தள்ளி வச்சு அவங்களுக்கு நாம எந்த கடனையும் கட்டி முடிக்கப் போறதில்ல. நம்ம வீடுகள்ல வருஷம் திரும்பற வரைக்கும் பண்டிகை கெடையாது, பலகாரம் கெடையாது, எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும், துக்கத்துக்கு அது ஒரு எடம் விட்டு வைக்குது, யாரும் புதுத்துணி எடுத்துட்டு வந்து வற்புறுத்த மாட்டாங்க. ஆனா அந்த வருஷத்துலயும் விடிகாலைல கீழ கொட்டிக் கெடக்கற பவளமல்லிய பொறுக்கக் கூடாதுனு யாரும் சொன்னதில்ல. பொறுக்கி அவங்க போட்டோ முன்னாடி வைங்க. அவங்களுக்கு பிடிச்ச விஷயத்துல இருந்தே ஒரு கேள்விய எடுத்துக்கலாம், அவரு வளத்த புறாவப் பத்தி, அவ சேத்து வச்ச ஸ்டாம்ப் எந்த நாடுனு. உறுத்தல் இருக்கட்டும், அதோடயே பாருங்க.

எதுவும் வேலை செய்யாத நாள் வரும், விபத்து நடந்த தேதி, தீபாவளி வெடிச் சத்தம், கோர்ட்ல இருந்து வர்ற சம்மன், எல்லாம் ஒரு வாரத்த சாப்பிட்டுடும். அந்த நாள்ல கேள்வியெல்லாம் வேண்டாம், குளிச்சு சாப்பிட்டு மாத்திரை போட்டா போதும். விட்ட எடத்துல இருந்து புடிக்கணும்னும் இல்ல, வெந்தயம் காஞ்சு போயிருந்தா புதுசா ஒரு பிடி ஊற வைங்க.

டாக்டர்கிட்ட எப்ப போகணும்

மேல சொன்னதெல்லாம் துணைக்குத்தான், சிகிச்சைக்கு பதிலா கெடையாது. ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, வண்டில ஏறவே முடியல, வேலைக்கு போக முடியல, தூங்கறதுக்காக குடிக்க வேண்டியிருக்குனா மனநல டாக்டர பாருங்க, மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு. இதுக்குனே ட்ராமாவ மையமா வச்ச சிபிடி (யோசிக்கற விதத்தையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ண அசைச்சுக்கிட்டே நடந்தத நெனச்சுப் பாக்க வைக்கற சிகிச்சை)னு நல்ல பலன் குடுத்த சிகிச்சை எல்லாம் இருக்கு, கேட்டு வாங்குங்க. திரும்ப ரோட்டுக்கு போற பயிற்சியையும் அவங்க உதவியோட படிப்படியா பண்றதுதான் நல்லது. அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசமா தமிழ்ல பேசலாம், இலங்கைல இருக்கறவங்களுக்கு 1926. செத்துடலாம்னு நெனப்பு வந்தா நாளைக்குனு தள்ளாதீங்க, அப்பவே கூப்பிடுங்க, பக்கத்துல இருக்கறவங்களயும் எழுப்புங்க.

வீட்ல இருக்கறவங்களுக்கு

வெளிய போய்ட்டு வா, சினிமா பாரு, எத்தன நாளுக்கு இப்படியே இருப்பனு சொல்லாதீங்க, உங்க தவிப்பு புரியுது, ஆனா அது அவங்களுக்கு இன்னொரு பரீட்சை மாதிரி ஆகிடும். எப்படி இருக்கனு பத்து தடவை கேக்கறதுக்கு பதிலா காக்கா கூட்டுல குஞ்சு வந்துச்சானு கேளுங்க. தெரியலனு சொன்னா சரினு விட்டுடுங்க. கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போட முடியுமா பாருங்க, எங்க வீட்ல பண்ணதுலயே ரொம்ப உதவுனது அதுதான், அதுக்கு முன்னாடி நாள் பூரா செவுத்தயும் சாமி காலண்டரயும்தான் பாத்துட்டு கெடந்தேன். பின்னாடி இருந்து வந்து தோள தொடாதீங்க, முன்னாடி வந்து பேரச் சொல்லி கூப்பிடுங்க. ஒரு நாள் அவங்களா சிரிச்சா, பாத்தியா சரியாயிட்டனு கொண்டாடாம நீங்களும் கூட சிரிச்சுட்டு உங்க வேலைய பாருங்க, மறுநாள் அழுதா பழையபடி ஆயிடுச்சேனு பதறவும் வேண்டாம்.